மருந்து இருக்கிறது, ஆள் எங்கே?

ஆலைச் சங்கு ஊதுகிறது. இரவு ஷிப்டு முடிந்து ஒரு கூட்டம் வெளியே வருகிறது. பகல் ஷிப்டுக்கு ஒரு கூட்டம் உள்ளே போகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கு இரண்டு மாதமாக இருமல். சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. மாலையானால் காய்ச்சல். "ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கக் கூடாதாப்பா?" என்று கேளுங்கள். என்ன பதில் வரும்? நமக்குத் தெரியாததா அந்தப் பதில்! "ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு நோவாண்ணே? ரெண்டு நாளில் தானாப் போயிடும்."

தானாகப் போவது நோய் அல்ல, தோழர்களே, ஆள்தான் போகிறான்.

எச்.ஐ.வி. பற்றி இன்று எழுதப் போகிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். "கட்சி ஏட்டில் இந்தப் பேச்சு எதற்கு?" என்று கேட்கவும் வேண்டாம். பஞ்சப்படி பற்றி எழுதுகிறோம், போனஸ் பற்றி எழுதுகிறோம், ஆட்குறைப்பு பற்றி எழுதுகிறோம். அந்தப் பஞ்சப்படியை வாங்கி வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் உயிரோடு இருக்க வேண்டாமா?

இந்த நோய் வந்தால் சாவுதான் என்று நம்மில் பலர் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1996-ஆம் ஆண்டு வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. அன்றோடு அந்தக் காலம் மலையேறிவிட்டது. கிருமியை உடம்பிலிருந்து அடியோடு விரட்டும் மருந்து இன்றும் இல்லை என்பது உண்மை. ஆனால் அதைக் கட்டிப்போட்டு, தலைதூக்க விடாமல் வைத்திருக்கும் மருந்து இருக்கிறது. நாளுக்கு ஒரே ஒரு மாத்திரை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம். சாப்பிடுகிறவன் வேலைக்குப் போகலாம், மூட்டை தூக்கலாம், பிள்ளை பெறலாம், பேரன் எடுக்கலாம்.

இவ்வளவு இருந்தும் ஆண்கள் சாகிறார்கள். பெண்களைவிடக் கூடுதலாகச் சாகிறார்கள். இது என்ன விந்தை?

ஐக்கிய நாடுகள் சபையின் எய்ட்ஸ் அமைப்பு 2017 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள நாடுகளின் கணக்கு அதில் இருக்கிறது. தனக்குக் கிருமி உண்டு என்று தெரிந்துகொண்டிருப்பதில் ஆண்கள் பெண்களைவிட 20 சதவீதம் பின்தங்கியிருந்தார்கள். சிகிச்சை பெறுவதில் 27 சதவீதம் பின்தங்கியிருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் 2015-ஆம் ஆண்டு நிலைமை இன்னும் மோசம்: கிருமி தொற்றிய 20 முதல் 24 வயது வரையுள்ள இளைஞர்களில் நாலு பேரில் ஒருவனுக்குத்தான் விஷயமே தெரியும். மற்ற மூன்று பேர் தெரியாமலே நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

நட்டால்! நமக்கு அந்நியமான பெயரா அது? 1860-இல் சென்னையிலிருந்து கப்பலேறிய நம் மக்கள், கரும்புத் தோட்டக் கூலிகளாக இறங்கிய மண் அல்லவா? அந்த நாட்டின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். உலகிலேயே எச்.ஐ.வி. உள்ளவர்கள் மிகுதியாக வாழும் நாடு அது. 2022-இல் அங்கு எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 78 லட்சம் பேர். உலகிலேயே பெரிய இலவச சிகிச்சைத் திட்டமும் அங்கேதான் நடக்கிறது. அந்தத் திட்டத்தைத் தானமாக யாரும் தரவில்லை. போராடித்தான் வாங்கினார்கள், அந்தப் போராட்டத்தில் தொழிலாளிக்கும் பங்கு உண்டு.

தங்கச் சுரங்கத்திலிருந்து தொடங்குவோம். லெசோத்தோவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கிராமத்து இளைஞர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து, மனைவி மக்களை ஊரிலேயே விட்டுவரச் செய்து, ஆண்கள் மட்டும் அடைந்துகிடக்கும் கொட்டடிகளில் வைத்து, ஆண்டில் பெரும்பகுதி பூமிக்கடியில் வேலை வாங்கினார்கள். (நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடும்பமாவது சேர்ந்திருந்தது!) பாறை உடைபடும்போது எழும் தூள் நுரையீரலில் படிந்தது. தூள் படிந்த நுரையீரலில் காசநோய் சுலபமாகப் பிடிக்கும். அதன்மேல் எச்.ஐ.வி.யும் வந்து சேர்ந்தது. சம்சாரத்தைப் பத்து மாதம் பிரித்துவைக்கும் முதலாளி, தொழிலாளியின் ஒழுக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தான்! ஊருக்குத் திரும்பியவர்கள் நோயோடு திரும்பினார்கள். வேலைக்கு ஆகாதவர் என்று அனுப்பப்பட்டவர்கள் சாவதற்காகத் திரும்பினார்கள். அந்தத் தூசுநோய்க்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டு, தங்கச் சுரங்கக் கம்பெனிகள் 500 கோடி ராண்டு அளவில் சமரசத்துக்கு வந்தது 2018-இல்தான். அதற்குள் எத்தனை பேர் மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள்!

மருந்து வந்தபோது அதன் விலை என்ன தெரியுமா? ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல். எந்தச் சுரங்கத் தொழிலாளி வாங்குவான்? மலிவான மருந்தை இறக்குமதி செய்ய வழிசெய்யும் சட்டத்தைத் தென்னாப்பிரிக்க சர்க்கார் கொண்டுவந்தது. உடனே 39 மருந்துக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. அந்த நேரத்தில்தான், 2001 பிப்ரவரியில், பம்பாயிலுள்ள சிப்ளா கம்பெனியின் யூசுப் ஹமீது, அதே மூன்று மருந்துகளை ஆண்டுக்கு 350 டாலருக்கு, நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக, எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்குத் தருகிறேன் என்றார். பத்தாயிரம் எங்கே, முந்நூற்றைம்பது எங்கே! அதே ஆண்டு ஏப்ரலில், உலகமே காறித் துப்பியபின், 39 கம்பெனிகளும் வழக்கை வாபஸ் வாங்கின.

கம்பெனி போனால் மந்திரி வந்தார். ஜனாதிபதி தபோ ம்பெக்கி, எய்ட்சுக்கு எச்.ஐ.வி. கிருமிதான் காரணமா என்று சந்தேகம் கிளப்பினார். அவருடைய சுகாதார மந்திரி பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் சாப்பிடச் சொன்னார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து நின்ற கட்சியின் ஆட்சி இது, தோழர்களே; எதிரியின் ஆட்சி அல்ல. 2000 முதல் 2005 வரை மருந்து தரத் தாமதித்ததால் மூன்று லட்சத்து முப்பதாயிரம் உயிர்களுக்கு மேல் போயின என்று ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள்.

அப்போது எழுந்தவர்கள் யார்? 1998 டிசம்பரில் தொடங்கிய 'சிகிச்சைக்கான செயல் இயக்கம்'. அதன் தலைவர் ஸாக்கி அக்மத்துக்கே கிருமி இருந்தது. காசு கொடுத்து மருந்து வாங்க வழியும் இருந்தது. "ஏழைக்குக் கிடைக்கும்வரை எனக்கும் வேண்டாம்" என்று சபதம் எடுத்தார். 2002-இல் நெல்சன் மண்டேலா அவர் வீட்டுக்கே போய், மருந்து சாப்பிடும்படி கேட்டுப்பார்த்தார், அவர் அசையவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கயலிட்ஷா சேரியிலுள்ள மருத்துவ நிலையத்துக்குப் போன மண்டேலா, 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட அந்த இயக்கத்தின் சட்டையை வாங்கி, எல்லார் முன்னிலையிலும் மாட்டிக்கொண்டார். ஆளும் கட்சியோடு கூட்டணியில் இருந்த தொழிற்சங்க சம்மேளனம் கொசாட்டு, இந்த விஷயத்தில் ஆட்சியைப் பார்த்து "தப்பு" என்று சொல்லி இயக்கத்தின் பக்கம் நின்றது. 2003 ஆகஸ்டில் மந்திரி சபை பணிந்தது. 2004-இல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள்.

வெற்றி! மருந்து வந்துவிட்டது. பெண்கள் வந்தார்கள். ஆண்கள்?

இங்கேதான் நான் சொல்லவந்த விஷயம் இருக்கிறது. வராத ஆணைப் பார்த்து டாக்டரும் நர்சும் அதிகாரியும் சொன்னது என்ன? "ஆண்களுக்குப் பொறுப்பில்லை, அலட்சியம், திமிர்." நம்மூரிலும் இதைத்தான் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். விசாரித்துப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

முதலாவது, வாசல். தென்னாப்பிரிக்காவில் சர்க்காரின் கையை முறுக்கிய முதல் தீர்ப்பு, 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் கொடுத்தது, எதைப் பற்றியது? தாயிடமிருந்து குழந்தைக்குக் கிருமி போகாமல் தடுக்கும் மருந்தைப் பற்றியது. மிக நல்ல தீர்ப்பு. ஆனால் அதன்வழி வந்த சேவை பிரசவ ஆஸ்பத்திரியின் வாசல்வழியே வந்தது. கர்ப்பிணி வந்தால் ரத்தம் எடுப்பார்கள்; கிருமி இருந்தால் அன்றே தெரிந்துவிடும். ஆணுக்கு அப்படி ஒரு வாசல் எது? அவன் எந்தக் காரணம் சொல்லி அந்த நிலையத்துக்குள் நுழைவான்? பெஞ்சு முழுதும் கைக்குழந்தையோடு தாய்மார்கள். நடுவில் ஒரு தடியன் உட்கார்ந்திருந்தால் அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று ஊரே சொல்லிவிடாதா?

இரண்டாவது, நேரம். ஆஸ்பத்திரி காலையில் திறக்கும், மாலையில் மூடும். ஷிப்டும் அதே நேரம்தான். விடிகாலையில் வரிசையில் நின்று மத்தியானம் மாத்திரை வாங்கினால் அன்றைய கூலி போயிற்று. மாதத்துக்கு ஒரு நாள் லீவு கேட்டால் மேஸ்திரி, "எங்கே போறே?" என்பான். என்ன சொல்வது? தினக்கூலிக்காரன் ஒரு நாள் கூலியையும் தன் ரகசியத்தையும் சேர்த்து விலையாகக் கொடுத்தல்லவா அந்த 'இலவச' மருந்தை வாங்க வேண்டியிருக்கிறது!

மூன்றாவதுதான் பெரியது. பயம். அலட்சியம் என்று நாம் நினைத்தது அலட்சியம் அல்ல, பயம். க்வாசுலு-நட்டாலிலும் ம்புமலங்காவிலும் ஆண்களிடமே போய் உட்கார்ந்து பேசிக் கண்டறிந்தது இது. சாவைக்கூட அவ்வளவாக அவர்கள் அஞ்சவில்லை. ஆண்மை போய்விடும், மனைவி போய்விடுவாள், கூட்டாளிகள் சிரிப்பார்கள், தினம் மாத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் "நீ நோயாளி, நீ நோயாளி" என்று அது சொல்லும் என்று அஞ்சினார்கள். சோதித்துப் பார்க்காதவரை தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கொள்ளலாம் அல்லவா? அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருந்தார்கள்.

படிக்காத பாமரனுக்கு மட்டும்தான் இந்தப் பயம் என்று எண்ண வேண்டாம். எட்வின் கேமரன் என்று ஒருவர், தென்னாப்பிரிக்காவில் நீதிபதி, பின்னாளில் அரசியலமைப்பு நீதிமன்றத்திலேயே அமர்ந்தவர். தமக்குக் கிருமி இருப்பதை 1999-இல் பகிரங்கமாகச் சொன்னார். 2000-இல் டர்பன் நகரில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டு மேடையில் ஏறி, நீதிபதிச் சம்பளம் இருப்பதால் நான் உயிரை விலைக்கு வாங்கிக்கொண்டேன். அது இல்லாதவன் சாகிறான் என்ற கருத்தை உலகத்தின் முகத்தில் அறைந்தார். அதே கேமரன் பின்னர் எழுதியது என்ன? வெளியே உள்ளவன் ஏசுவதைவிடக் கொடியது, நோயாளி தன்னைத் தானே ஏசிக்கொள்வது. மருந்து இலவசமாகக் கிடைக்கும் இடத்திலும் அந்த உள்ளுக்குள் இருக்கும் வெட்கம் ஆளைக் கொல்கிறது என்பது. மண்டேலாவின் குடும்பத்தையே அந்த நோய் விடவில்லை. 2005 ஜனவரியில் தம் மகன் மக்காத்தோ இறந்தபோது, அவர் பத்திரிகைக்காரர்களை அழைத்து, "எய்ட்சால் இறந்தான்" என்று வாய்விட்டுச் சொன்னார். மூடி மறைத்தால் வெட்கம் வளரும் என்று தெரிந்த கிழவர் அவர்.

சரி, பயத்துக்கு மருந்து என்ன? திட்டுவதா? சுவரொட்டியில் மண்டை ஓடு படம் போடுவதா? இரண்டையும் செய்துபார்த்துத் தோற்றார்கள். 2020-இல் அங்கே 'கோச் ம்பிலோ' என்று ஒன்று தொடங்கினார்கள். ம்பிலோ என்றால் சூலு மொழியில் வாழ்வு, ஆரோக்கியம் என்று பொருள். கோச் என்பவன் பந்தாட்டக் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பவன்; அவனேதான். படித்த ஆலோசகர்களை விட்டார்கள். கிருமியோடு வாழ்ந்துகொண்டு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, திடமாக நடமாடும் சாதாரண ஆண்களைப் பிடித்தார்கள். சம்பளமும் கொடுத்தார்கள். அவர்கள் வேலை என்ன? புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவனையும், பாதியில் நிறுத்திவிட்டு ஓடியவனையும் தேடிப்போய்ப் பேசுவது. ஆஸ்பத்திரியில் அல்ல; கள்ளுக்கடைத் திண்ணையில், கார் கழுவும் இடத்தில், அவன் வீட்டு வாசலில். "எனக்கும் இதுதான் அண்ணே. இத்தனை வருஷமாச்சு. பார், எப்படி இருக்கேன்!" என்று சொல்வது. முதல் தடவை ஆஸ்பத்திரிக்குக் கூடவே நடந்துபோவது. மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று திணறுகிறவனுக்குப் பக்கத்தில் இருப்பது.

அவ்வளவுதான்! இதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆயிரம் பிரசங்கத்தால் அசையாதவன், தன்னைப் போன்ற ஒருவன் உயிரோடு எதிரே நிற்பதைப் பார்த்து அசைந்தான். வந்தவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையிலேயே நிலைத்தார்கள்.

நிலைப்பது என்று சொன்னேன். தொடங்குவதைவிட அது கடினம். ஏன் விடுகிறார்கள்? ஒருவன் நன்றாகிவிட்டான், அதனால் விடுகிறான். உடம்பு தேறிவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்கிறான். மருந்து நின்ற சில வாரங்களில் கிருமி மீண்டும் பெருகத் தொடங்கும். அவனுக்கு உடனே ஒன்றும் தெரியாது. எதிர்ப்புச் சக்தி மெல்லத் தேய்ந்து, ஒரு நாள் காசநோயாக வந்து நிற்கும். விட்டுவிட்டுச் சாப்பிட்டாலோ கிருமி அந்த மருந்துக்கே பழகிக்கொள்ளும்.

இன்னொருவன் பழைய கதை கேட்டு விடுகிறான். ஆரம்பகாலத்து மருந்தான ஸ்டாவுடின், கன்னத்தை ஒட்டவைத்தது, பாதத்தில் எரிச்சல் கொடுத்தது, அது பொய்யல்ல. பின்னால் வந்த எஃபாவிரென்ஸ் தலைசுற்றலும் கெட்ட கனவும் தந்தது. இரவு லாரி ஓட்டுகிறவன், இரவு ஷிப்டில் இயந்திரத்தோடு நிற்கிறவன் அதைச் சாப்பிட எப்படித் துணிவான்? அவன் மறுத்ததில் நியாயம் இருந்தது. இன்று கொடுக்கும் கூட்டு மாத்திரையில் இருப்பது டோலுடெகிராவிர் என்ற புது மருந்து. காலையிலோ இரவிலோ, சோற்றுக்கு முன்போ பின்போ, வசதிப்பட்ட நேரத்தில், தினமும் ஒரே வேளையில் சாப்பிடலாம். பழைய தொல்லைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. காசநோய் மருந்தும் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர்களுக்கு டோலுடெகிராவிர் இரண்டு வேளை வேண்டியிருக்கும்.

மூன்றாமவன் குடிக்கிறவன். இதை நன்றாகக் கேளுங்கள். நம்மிடையேயும் இது உண்டு. "இன்றைக்குத் தண்ணி போட்டிருக்கிறேன், மாத்திரையும் சேர்ந்தால் விஷமாகிவிடும்" என்று அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடுகிறான். சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, சம்பள நாள், திருவிழா என்று மாதத்தில் எத்தனை நாள் போகிறது! அப்படி விஷமாவதில்லை. குடி கெடுதல்தான், ஈரலைக் கெடுக்கும், பையைக் காலிசெய்யும், நேரத்தை மறக்கச்செய்யும். குடியை விடு என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் குடித்த நாளிலும் மாத்திரையை விடாதே என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "குடிகாரனுக்கு மருந்து எதற்கு?" என்று விரட்டுகிற உத்தமர்களால் செத்தவர்களின் கணக்கை யார் எடுத்தார்கள்?

ஆணை மருந்தோடு கட்டிவைக்கும் ஒரு சேதி இருக்கிறது. அது ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் பேசப்பட வேண்டிய சேதி. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால், பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள், ரத்தத்தில் கிருமி சோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருக்கும்வரை, உடலுறவின் மூலம் மனைவிக்குக் கிருமி போகாது. கேள்விப்பட்ட பேச்சல்ல, ஐரோப்பாவின் 14 நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2016-இல் வெளிவந்தது. ஒருவருக்குக் கிருமி இருந்து மருந்தால் அடங்கியிருந்த, மற்றவருக்குக் கிருமி இல்லாத 888 இணைகளைக் கவனித்தார்கள். ஆணுறை இல்லாமலே கூடினார்கள். சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. ஒருவருக்குக்கூட! "இனி நான் யாருக்கும் ஆபத்தில்லை" என்று ஓர் ஆண் தெரிந்துகொள்ளும்போது, கல்யாணம் உண்டு, பிள்ளை உண்டு, குடும்பத் தலைவன் என்ற இடம் உண்டு என்று தெரிகிறது. எதை இழப்போம் என்று பயந்தானோ, அதை மாத்திரைதான் திருப்பிக்கொடுக்கிறது. (பால்வினை நோய்கள் மற்றவை இருக்கின்றன, அவற்றுக்கு ஆணுறைதான் காவல் என்பதை மறக்க வேண்டாம்.)

அங்கே இன்னொன்றும் செய்தார்கள். நிலைபெற்றவர்கள் மாதாமாதம் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டாம் என்று, மருந்தைக் கட்டி, பக்கத்து மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். சர்க்கரைக்காரன், ரத்தக்கொதிப்புக்காரன், எச்.ஐ.வி.க்காரன் எல்லாரும் ஒரே மாதிரிப் பொட்டலம் வாங்கிப்போனால் யாருக்கு என்ன என்று யாருக்குத் தெரியும்? கூலியும் போகவில்லை, மானமும் போகவில்லை.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது 2025 ஜனவரியில் அமெரிக்காவில் புதிய ஆட்சி வந்ததும் வெளிநாட்டு உதவியை நிறுத்தி உத்தரவு போட்டது. மருந்தைத் தென்னாப்பிரிக்க சர்க்கார் சொந்தப் பணத்தில்தான் வாங்குகிறது. அதனால் மருந்து நிற்கவில்லை. எது நின்றது? வீடு வீடாகப் போய்ப் பேசிய, ஓடியவனைத் தேடிப்பிடித்த, சோதனை எடுத்த ஆயிரக்கணக்கான ஊழியர்களின் வேலை. அடுத்த மாதமே, இன்னும் சிகிச்சைக்கு வராத 11 லட்சம் பேரை அந்த ஆண்டுக்குள் கொண்டுவருவோம் என்று அந்நாட்டு சுகாதார மந்திரி அறிவித்தார். தேடிப்போக ஆளில்லாமல் எப்படிக் கொண்டுவருவது? அடுத்தவன் காசில் கட்டிய வீட்டுக்கு அவன் ஒரு கையெழுத்துப் போட்டால் கூரை போய்விடும்.

இனி நம் வாசலுக்கு வருவோம்.

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில், டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். யாருடைய ரத்தத்தில்? பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தில். அந்தப் பெண்களைத் தேடிவந்த ஆண்களின் ரத்தத்தை அன்று யார் கேட்டார்கள்? பழி முழுவதும் அந்தப் பெண்களின் தலையில் விழுந்தது. ஆண்களோ கண்ணுக்கே தெரியாமல் போனார்கள். பழியிலிருந்து தப்பியவர்கள் சிகிச்சையிலிருந்தும் தப்பிவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை, வேதனையான வேடிக்கை. 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டில் எட்டு ஆஸ்பத்திரிகளில் இலவச மருந்து தொடங்கியபோது, அந்த எட்டில் ஒன்று தாம்பரம் சானடோரியம். எட்டு மையங்கள் இன்று நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டன. 2017 முதல், எதிர்ப்புச் சக்தி குறையட்டும் என்று காத்திருக்காமல், கிருமி கண்ட உடனே மருந்து தரப்படுகிறது. சோதனைக்கு 'நம்பிக்கை மையம்' இருக்கிறது; பெயரைச் சொல்ல வேண்டிய வெட்கம்கூட இல்லாத பெயர்!

நாமக்கல் லாரிக்காரர்களைக் கேளுங்கள். பதினைந்து நாள், இருபது நாள் வண்டியோடு வடநாடு. மருந்து வாங்க வேண்டிய தேதியில் அவன் நாக்பூரில் இருப்பான். சிகிச்சையில் நிலைபெற்றவர்களுக்கு மூன்று மாதம் வரை மருந்தைச் சேர்த்துக் கொடுக்க ஏற்பாடு உண்டு. வேறு ஊர் மையத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. கேட்டால் கிடைக்கும். கேட்கத் தெரியாமல், கேட்க வெட்கப்பட்டு, தேதியைத் தவறவிட்டு, "தவறவிட்டவனை நர்ஸ் திட்டுவார்" என்று அடுத்த மாதமும் போகாமல், கடைசியில் ஒரேயடியாக நின்றுபோகிறான். இப்படித்தான் நழுவுகிறார்கள், ஒரே நாளில் முடிவெடுத்து யாரும் விடுவதில்லை.

ஆணையே விரும்பும் ஆண்களுக்கு இந்தச் சுவர் இரட்டைச் சுவர். 2018-இல் உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவின் கொடுக்கைப் பிடுங்கியது. ஊர்வாயின் கொடுக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. அவர்களும் நம் ஆலைகளில்தான் வேலை செய்கிறார்கள்.

சங்கக் கிளைகளில் உள்ள தோழர்களுக்கு ஒரு கேள்வி. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி.-எய்ட்ஸ் சட்டத்தை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. சோதனை கேட்கக்கூடாது. கிருமி இருப்பதைக் காரணம் காட்டி வேலைநீக்கம் செய்யக்கூடாது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக்கூடாது. ஒருவருக்குக் கிருமி உண்டு என்பதை அவர் அனுமதியின்றி வெளியிடக்கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனத்தில் இதற்கென்று ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். சட்டம் இது, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. போனஸ் சட்டத்தின் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்லும் நம் செயலாளர்கள், இந்தச் சட்டத்தை வைத்து நிர்வாகத்துக்கு ஒரு கடிதமாவது எழுதியிருக்கிறார்களா?

கடிதம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நம் நாக்கு. தொழிலாளியின் ரகசியத்தை மேனேஜர் வெளியிட்டால் கொதிக்கிறோம். டீக்கடையில் அதே ரகசியத்தை, "உங்களுக்கு மட்டும் சொல்றேன்" என்று பரப்புகிறவன் யார்? நம் ஆள்தான். நம்மிடம் வந்து ஒருவன் விஷயத்தைச் சொன்னால், அது செயலாளரின் காதோடு நிற்க வேண்டும், கமிட்டிக்குப் போகக்கூடாது, மினிட் புத்தகத்தில் ஏறக்கூடாது. மையத்துக்குப் போகும் நாளில் அவனுடைய ஷிப்டை இன்னொருவன் காரணம் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். முதல் தடவை கூடப் போகலாம், வாசல்வரை போதும். ஆறு மாதம் நின்றுவிட்டவன் திரும்ப வந்தால் "ஏன் விட்டாய்?" என்று குறுக்கு விசாரணை செய்யாமல், "வா, போகலாம்" என்று சொல்லலாம். திரும்ப வருகிறவனுக்கு மருந்து உண்டு. நேரில் கேட்க வெட்கமாக இருந்தால் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், கட்டணம் இல்லை.

அடுத்த கிளைக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் ஒரு வரி சேருங்கள்: நம் ஆலையின் புகார் அலுவலர் யார், அவர் பெயர் எந்த நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டிருக்கிறது? ஒட்டப்படவில்லை என்றால், எந்தத் தேதிக்குள் ஒட்டுவார்கள்?